தயவுசெய்து

நான் நீட்டிய கேபிளை நெலிதா தொடவில்லை.
பெட்டியோடு வந்ததையே தேடி எடுத்தாள்.
கூடப் பிறந்தவன் நான்.
ரொசாரியோவில் விடாத மழை.

கட்டைவிரல் நீளக் கருவி
விழித்துக்கொண்டு எண் கேட்டது.
உள்ளங்கையைக் கவித்து அழுத்தினாள்;
பூனைக்குக்கூடக் காட்டவில்லை.

திடீரென்று கணினியில் ஓர் அறிவிப்பு:
வாலட்டைச் சரிபார்க்க
இருபத்துநான்கு சொற்களையும் இங்கே தட்டுங்கள்.
அதில் 'தயவுசெய்து' வேறு.

வங்கி எங்கள் சேமிப்பின்மேல்
ஷட்டரை இறக்கிய அன்றும்
கண்ணாடியில் ஒட்டிய தாள்
தயவுசெய்து என்றுதான் தொடங்கியது.

கருவியைப் பார்த்தாள்.
அதன் சின்னத் திரை
எந்தச் சொல்லையும் கேட்கவில்லை.
கேபிளைப் பிடுங்கிவிட்டாள்.

இருபத்துநான்கில்
ஒன்றையாவது என்னிடம் சொல்லேன் என்றேன்.

மாத்தே ஆறுகிறது,
குடி
என்றாள்.