மூன்றாம் அத்தியாயத்து நாய்

வடகடலில் மூடுபனி. ஹெலிகாப்டர் வரவில்லை.
எண்ணெய் மேடையின் புத்தக அலமாரியில்
லாக்லன் பெரியின் முதல் நாவல்.
அட்டையில் பெயர் பெரிது, தலைப்பு பொடி எழுத்து.

இதே ஆளின் ஒன்பதாவதைப் படித்த இரவு
கிரேன் ஓட்டும் டோர்க்கிலை எழுப்பி
கழிவறை விளக்கை அணைக்காதே என்றவன் நான்.

இதில் நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது,
தோட்டக்காரன்தான்.
கையுறை, கையுறை என்று
ஆசிரியரே கையைப் பிடித்துக் காட்டுகிறார்.
ஆபர்டீனில் மழை, பக்கத்துக்கு இரண்டு முறை.
துப்பறிகிறவள் பெருமூச்சு விடுகிறாள்;
பிறகு நானும்.
மற்றதெல்லாம் காசு கொடுத்து வாங்கியவை.
இது இனாம். இதில்தான் ஏமாந்தேன்.

கடைசித் தாளை யாரோ கிழித்திருந்தார்கள்.
வேறு புத்தகமென்றால்
மேடையையே புரட்டிப் போட்டுத் தேடியிருப்பேன்.
கொட்டாவி விட்டு
பூட்ஸுக்கு அடியில் வைத்தேன், ஈரம் உறிஞ்சட்டும்.

ஆனாலும் சாப்பாட்டு வரிசையில்
ஒவ்வொருவராய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்:
மூன்றாம் அத்தியாயத்தில் வேலி தாண்டி ஓடியதே,
ஒற்றைக் காது நாய்,
அதைப் பற்றி அப்புறம் ஒரு வரி,
அந்தக் கிழிந்த தாளிலாவது
இருந்ததா?