ஒரே அச்சு

ஒரே அச்சில் வார்த்தவை இரண்டும்.
நூற்று எழுபத்து நான்கு கிராம்,
சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டாள் ராய்லி.

மஞ்சள் புதுசு, விறைப்பு.
நேரே போகும்.
வேகம் தளர்ந்ததும் இடப்பக்கம் சாய்ந்து
பொத்தென்று விழும்,
சொன்ன நேரத்துக்கு வந்துவிடும் ஆள் மாதிரி.

நீலம்
பனி உருகிய ஏரிக்கரையில் கிடைத்தது.
பிர்ச் மரங்களில் மோதி மோதி விளிம்பு நைந்தது.
கையை விட்ட பிறகும் யோசிக்கும்.
வலப்பக்கமாய் ஒரு தயக்கம்,
மிதப்பு, இன்னும் கொஞ்சம் மிதப்பு.
எதிர்காற்றென்றால் புரண்டு
காட்டுக்குள் ஓடிவிடும்.

அடியில் மார்க்கரில் ஒரு தொலைபேசி எண்.
அழைத்தாள். எடுத்தவன் பெயர் ஒஸ்மோ.
"நீலமா?" என்றான்.
நெடுநேரம் பேச்சில்லை.
"நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
எட்டாவது கூடையில் மட்டும் நம்பாதீர்கள்."

இன்று எட்டாவது கூடை.
பத்து மீட்டர். ஏரியிலிருந்து காற்று.
பிர்க்கோ ஒன்றும் பேசாமல் மஞ்சளை நீட்டுகிறாள்.
கையுறையைப் பல்லால் கழற்றி
நீலத்தை எடுக்கிறாள் ராய்லி.

சங்கிலி ஒருமுறை சிணுங்கியது.
கூடையின் விளிம்பில் ஏறி நின்று
யோசித்து,
ஈரப்பாசியில் உருண்டது.

ஒஸ்மோ சொன்னது சரிதான்.
கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
அதையே மறுபடி எறிகிறாள்,
இரண்டடி தூரத்திலிருந்து.