நாற்பத்திரண்டு கோப்பைகள்

பெயர் கேட்டு எழுதவேண்டும் என்பது
போன மார்கழியில் மேலிடம் போட்ட புதுச் சட்டம்.
காகிதக் கோப்பையில், கறுப்பு மையில்,
வந்தவர் பெயர்.

காலை ஐந்தரைக்குக் கடை திறப்பேன்.
ஹமில்டன், பார்ட்டன் தெருவில் அந்நேரம்
உப்புத் தூவும் லொறியும் அவளும்தான்.
மூன்று மேலங்கி, ஆண்பிள்ளைச் சப்பாத்து,
இழுத்துவரும் வண்டிலில் ஒரு மேசைவிளக்கு.
செருகிக்கொள்ள
ஒரு சுவர் இல்லாத விளக்கு.

"சின்னக் கோப்பி. நாலு சீனி."
"பெயர்?"
"மார்லீன்."

அடுத்த நாள் எடித். அதற்கடுத்த நாள் வாண்டா.
ஒரு திங்கட்கிழமை, சிரிப்பின் சுவடும் இல்லாமல்
"திருமதி ஓகில்வி" என்றாள்.
திருமதியையும் சேர்த்து எழுதச் சொன்னாள்.
எழுதினேன்.
அன்று மட்டும் கதிரையில் நிமிர்ந்திருந்து குடித்தாள்.

சில்லறை அடுக்கும் விதத்தைப் பார்த்து
வங்கியில் இருந்தவள் என்றான் சமையற்கட்டு ஒமார்.
இருபத்தைந்து, பத்து, ஐந்து சதங்கள்
தனித்தனித் தூணாக நிற்கும்;
விரல் நுனியால் ஒரு தட்டு, நேராகிவிடும்.
இல்லை, தாதி என்றேன் நான்.
வீரிட்டழுத பிள்ளையைத் தாய் அதட்டிக்கொண்டிருக்க
நாலு மேசை தள்ளியிருந்து
"அதுக்கு இடது காது வலிக்குது" என்றவள் அவள்.
தாய் முறைத்தாள்.
மறுகிழமை அதே தாய் அவளைத் தேடி வந்து
ஒரு பெட்டி டோனட் வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.
அன்றைக்கென்று அவள் வரவில்லை.
டோனட்டை நாங்கள் தின்றோம்.

மாசி, மைனஸ் இருபத்தாறு.
சலவைக்கடையின் பின்சுவரில்
சூட்டுக்காற்று வரும் துவாரத்தடியில்.
சலவைக்கடை இரவு பதினொன்றுக்குப் பூட்டிவிடும்.

பத்து நாள் கழித்து ஒரு பொலிஸ்காரர் வந்தார்,
மீசை இன்னும் சரியாக முளைக்காதவர்.
"பெயர்?" என்றார், படிவத்தைப் பார்த்தபடி.
வரிசை நீளும் நேரத்தில் நான் கேட்கிற
அதே குரலில்.

ஏற்கெனவே நிரப்பியிருந்தவை:
வயது ஐம்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையில்.
உயரம் ஐந்தடி மூன்று.
ஒரு பிரசவமாவது நடந்த அடையாளம்.
கடைவாயில் இரண்டு தங்கப் பல், நல்ல வேலைப்பாடு.
யாரோ ஒரு காலத்தில்
அவள் வாய்க்குள் பொன் வைக்கக் காசு எண்ணியிருக்கிறார்.
திரும்பும் வழியில் நோகுதா என்று கேட்டாரோ,
காசைச் சொல்லிக்காட்டினாரோ.

நாற்பத்தொரு பெயர் வைத்திருந்தேன்.
ஆறாவதில் அவர் பேனாவை மூடினார்.

நாற்பத்திரண்டாவதைச் சொல்ல நினைக்கவில்லை.
கடைசியாக வந்த அன்று
என் சட்டையில் குத்தியிருந்த தகட்டைக் குனிந்து வாசித்து
"தவா" என்றாள்.
கை ஒருகணம் நின்றது. பிறகு எழுதினேன்.
தவா! என்று நானே கூப்பிட்டேன்.
இங்கே என்று அவள் கை உயர்த்தினாள்.

தவாவும் முழுசாக என்னுடையதல்ல.
தவமலர் தகட்டுக்குள் அடங்கவில்லை.
அதற்கும் முன், தொண்ணூற்றாறில்,
மூன்று விமான நிலையங்களில் நான் ஜசிந்தா பெர்னாண்டோ.
அவள் பிறந்த திகதி, தகப்பன் தொழில், படித்த கொன்வென்ட்,
தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வேன்.
பத்தொன்பது நாள்.
இடையில் எங்காவது,
அந்த மீன் லொறிக்குள் எனக்கு மூச்சு நின்றிருந்தால்
ஏதோ ஒரு நாட்டுப் பொலிஸ்
நீர்கொழும்புக்குக் கடிதம் போட்டிருக்கும்.
தான் செத்த செய்தியை
ஜசிந்தா ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் பிரித்திருப்பாள்.

ஆகையால் வங்கியைச் சொல்லவில்லை.
தாதியைச் சொல்லவில்லை.
ஓகில்வி என்று ஒருவன்
இருந்தானா, இருக்கிறானா, எனக்குத் தெரியாது.

"விளக்கு எங்கே?" என்றேன்.
"எந்த விளக்கு?"
பித்தளைத் தண்டு. பச்சைத் துணி மூடி, ஓரம் கருகியது.
வயரை எட்டுப் போலச் சுற்றி
நுனியை உள்ளே செருகியிருப்பாள்,
அவிழவே அவிழாது.

பேனா மூடியைப் பல்லால் கழற்றி
அதை எழுதிக்கொண்டார்.