ஒன்று புள்ளி நான்கு கிலோ

மூன்றரைக்கு அலாரம் அடிக்குமுன்
அதன் வாயைப் பொத்திவிடுவேன்.
குளியலறைத் தராசில் ஏறினால்
ஐம்பத்தெட்டு புள்ளி இரண்டு.
ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளில் பென்சிலால் எழுதுகிறேன்.

மெலியவா என்று கேட்டார் சற்குணன், முதல் மாதம்.
இல்லை, வியர்வைக் கணக்கு என்றேன்.
அதன்பிறகு அந்தத் தாளை
வீட்டில் யாரும் தொடுவதில்லை,
வட்டிக்கடை நோட்டைப் போல.

ராத்திரி மிஞ்சிய இட்லி இரண்டு, தேன் தடவி.
சட்னி கிடையாது;
பச்சைமிளகாய்க்கு ஞாபகசக்தி அதிகம்,
பத்தாவது கிலோமீட்டரில் பெயர்சொல்லிக் கூப்பிடும்.
ஒரு வாழைப்பழம். பால் சேர்க்காத கோப்பி.
போத்தலில் தண்ணீர், கல்லுப்பு ஒரு சிட்டிகை,
கலமான்சி பாதி.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள்.
போட்டவளும் நான், குடிப்பவளும் நான்.

வேலை, விமானச் சாப்பாடு கட்டும் கூடத்தில்.
ஒரு தட்டுக்குச் சோறு நூற்றிருபது கிராம்,
கோழி எண்பது, அவரைக்காய் நாற்பது.
பதினாறு வருடமாக அடுத்தவர் வயிற்றை
கிராமில் அறிவேன்.
என் தட்டு எவ்வளவு என்று
தராசு ஒருநாளும் கேட்டதில்லை.
நின்றபடி, அடுப்போரம்,
சட்டியில் ஒட்டியது என் அளவு.

பயிற்சித் தாளில் ரோஸ்னா எழுதித் தந்தாள்:
மணிக்கு அறுபது கிராம் மாவுச்சத்து.
சிரித்தேன். ஓடிக்கொண்டே தின்பதா?
ஓட்டம் கால்களின் வேலை என்றுதான்
அதுவரை நினைத்திருந்தேன்.

ஜூன் மாதம், ஞாயிறு.
ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, பிடோக் படகுத்துறை தாண்டி
முப்பதாவது கிலோமீட்டர்.
கடல் இருந்த இடத்தில் இருந்தது.
என் தொடைகள் வேறு யாருடையவோ ஆகிவிட்டன,
திருப்பிக் கேட்க ஆள் வருவதைப்போலப் பயமாக இருந்தது.
ஒன்பதைத் தாண்டிக் கூட்டத் தெரியவில்லை.
காரணமில்லாமல் அழுகை வேறு.

பார்பிக்யூ மேடையருகே உட்கார்ந்தேன்.
யாருடைய பிறந்தநாளோ, காற்றிறங்கிய பலூன்;
மண்ணில் உருண்ட ஒரு மார்ஷ்மெல்லோ,
அதைச் சுற்றி எறும்புகள்,
தின்னவில்லை,
இழுத்துக்கொண்டு போயின.
யாருக்கென்றே கேட்காமல்.

என் இடுப்புப் பையில் நான்கு ஜெல் வைத்திருந்தேன்.
பிரித்தது ஒன்று.
மூன்றை மிச்சம்பிடித்து
வீட்டுக்குத்தான் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன் நானும்.

அங்கேயே ஒன்றைப் பிய்த்து உறிஞ்சினேன்.
மாம்பழ வாசனை போட்ட பசை.
பத்து நிமிடத்தில்
கடலுக்கு நிறம் திரும்பியது.

வயிற்றையும் பழக்க வேண்டும் என்கிறாள் ரோஸ்னா.
நோன்பு மாதம் முழுக்க
இரவு பத்தரைக்கு ஓடியவள்,
பேரீச்சம்பழத்தை நாக்கடியில் ஒதுக்கியபடியே
ஏற்றம் ஏறுவாள்.
நான் முதல் வாரம் வாந்தி.
இரண்டாம் வாரம் ஏப்பம்.
ஐந்தாம் வாரம், முக்கால் மணிக்கு ஒருமுறை
வயிறே கடிகாரம் பார்க்கத் தொடங்கியது.
பசி எடுக்குமுன் சாப்பிடு,
தாகம் வருமுன் குடி:
இந்த வரியை நான் முப்பது வயதில் கேட்டிருந்தால்
யாரோ பணக்காரி பேசுகிறாள் என்றிருப்பேன்.

உருளைக்கிழங்கு அவித்து, உப்பில் புரட்டி,
சிறு பையில் கட்டி ஓடுகிறேன் இப்போது.
எதிரே வரும் சைக்கிள்காரர்கள் பார்க்கிறார்கள்:
நாற்பத்துமூன்று வயதுப் பெண்
பொதுவழியில், வெட்டவெளியில்,
வாய் நிறைய மென்றுகொண்டு,
யாருக்கும் முன்னால்.

இன்று முப்பத்திரண்டு கிலோமீட்டர்.
சட்டையில் உப்பு வரைந்த
ஏதோ ஒரு தீவின் கரை.
தராசில் ஏறினேன். ஐம்பத்தாறு புள்ளி எட்டு.
ஒன்று புள்ளி நான்கைச் சாலைக்குக் கொடுத்தாயிற்று;
ஒன்றரை மடங்காகக் குடித்துத் திரும்ப வாங்க வேண்டும்.

எழுதிவிட்டு, காலணியைக்கூடக் கழற்றாமல்
நாற்காலியை இழுத்துப்போட்டு
மேசையில் உட்கார்ந்தேன்.
எவ்வளவு தூரம் என்றார் சற்குணன்.

சோறு இருக்கா, என்றேன்.
பெரிய தட்டில் போடுங்க.