ஆயிரத்து நூற்று நாற்பதில் ஒன்று

முதல் நாள் தெக்லே எங்களைக்
கேமராவையே தொடவிடவில்லை.
மலைமேல் பலகை மேடையில் வரிசையாய் நிறுத்தி
"சுட்டுவிரலால் பின்தொடருங்கள்" என்றாள்.
பதினோரு பேர் வானத்தை நோக்கி விரல் நீட்டி
மெல்லத் திரும்பினோம்,
யாரையோ காட்டிக்கொடுப்பவர்கள் போல.

ஒருபுறம் கருங்கடல். மறுபுறம் காக்கஸஸ்.
நடுவிலுள்ள இடுக்கு வழியாகத்தான்
செப்டம்பரில் தேன்பருந்துகள் தெற்கே போகும்.
பத்தூமியில் பிறந்து முப்பத்தெட்டு வருடம்.
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணியிருக்கிறேன்.
தலைக்கு மேலே போனவற்றை
எண்ணியதில்லை.

இரண்டாம் நாள் எடுத்ததெல்லாம் கரி.
வெள்ளை வானத்தில் கறுப்புக் கிறுக்கல்.
"கேமரா வானத்துக்குக் கூசிக் கண்ணைச் சுருக்குகிறது.
நீங்கள் பறவைக்காகத் திறந்துவிடுங்கள்."
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள்.
வானம் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று
ஒரு ஸ்டாப் கூட்டினேன்.
சிறகின் அடியில் பட்டைகள் தெரிந்தன:
பழுப்பு,
பழுப்புக்குள் இன்னொரு பழுப்பு.

லென்ஸ் மூன்று கிலோ.
பாதிப் பணம் தம்பி ஜெமால் தந்தது.
கேபிள் கார் இயக்கும் ஓதார்
தோள்வலிக்கு என்னிடம் களிம்பு கேட்டார்.
லாமாரா ஒவ்வொரு பருந்திடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான்
பொத்தானை அழுத்துவாள்.
மழை வந்தால் குடை கேமராவுக்கு. நாங்கள் நனைந்தோம்.
தோட்டத்து மாண்டரின்கள் இன்னும் பச்சை.
ஒருவர் கடித்துப் பார்த்துத் துப்பினார்.

மூன்றாம் நாள் பத்தரை மணிக்கு
வெப்பக்காற்று எழுந்தது.
நூறு, இருநூறு, அப்புறம் எண்ண முடியவில்லை.
பால் பொங்குவதுபோல் சுழன்று ஏறிக்கொண்டிருந்தன.
ஒன்று மட்டும் தாழ்ந்து வந்தது.
விரல் பழகிய வழியில் லென்ஸ் போயிற்று.
மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி,
அழுத்தினேன்.

பக்கத்துக் குன்றிலிருந்து ஒரு சத்தம்
சற்றுப் பிந்தி வந்தது.
"கடலில் எங்கோ இடி" என்றார் ஓதார்.
யாரும் மறுக்கவில்லை.

அன்றிரவு விருந்தினர் இல்லத்துச் சுவரில்
போர்வை கட்டிப் படம் காட்டினாள்.
என்னுடையவை ஆயிரத்து நூற்று நாற்பது.
ஒன்றே ஒன்று தேறியது.
கண் அத்தனை துல்லியம்.
மஞ்சள் விழியில் கடலின் கோடுகூட இருந்தது.
கைதட்டினார்கள்.
தெக்லே இன்னும் பெரிதாக்கினாள்.

இடது சிறகருகே
ஊதிவிட்ட மாவு மாதிரி ஏதோ.
அதற்குச் சற்றுத் தள்ளி
தனியே ஓர் இறகு.
அதுவும் துல்லியம்.
தட்டிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல்
மேசையிலிருந்த ரொட்டியைப் பிய்த்தன.
தெக்லே "அடுத்தது" என்றாள், வெகுநேரம் கழித்து.

அழிக்கும் பொத்தானை
கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.
மினிபஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம்
என் விரல் அதன்மேல் இருந்தது.

ஜெமால் சமையலறையில் கைகழுவிக்கொண்டிருந்தான்.
எந்தக் குன்று என்று நான் கேட்கவில்லை.
கேமராவை நீட்டினேன்.
ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான்.
இறகு வரைக்கும் பார்த்தான்.

"பறக்கிறதை எப்படி இப்படி நிறுத்தினாய்?"

"மூச்சை விட்டு. பாதியில் நிறுத்தி."

தலையாட்டினான்,
தன்னுடைய வீட்டு முகவரியை
அந்நியர் ஒருவர் பிழையில்லாமல் சொன்னதுபோல.
பிறகு குழாயைத் திரும்பவும் திறந்தான்,
கழுவி முடித்த கைகளுக்கு.