செலவுச் சீட்டு

கோபன்ஹேகனிலிருந்து வந்த கிர்ஸ்தன்
கயத்தாறில் எங்கள் பதினேழாம் நம்பர் காற்றாடிக்குள் ஏறி
எண்ணெய் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்த சாயங்காலம்
கை கழுவிக்கொண்டே கேட்டாள்:
உங்கள் ஊரில் ராத்திரி எங்கே போவார்கள்?

போவார்கள் என்றால், யார்?

அவள் ஊரில் வெள்ளிக்கிழமைகளில்
வாய்க்கால் கரையில் காலைத் தொங்கவிட்டுப்
பெண்கள் பீர் குடிப்பார்களாம்.
ஆனி மாசம் பத்து மணிக்கும் வானம் வெளுத்தே கிடக்குமாம்.
ஒரு தட்டு மீன் என்ன விலை என்று சொன்னாள்.
ரூபாயாக்கிப் பார்த்தேன்:
என் ஹாஸ்டலுக்கு ஒரு மாச வாடகை.

எனக்குத் தெரிந்த ராத்திரி
ஒன்பதரைக்கு ஸ்தெல்லா அக்கா பூட்டுகிற கேட்டோடு சரி.
‘டவர் நிக்கிது அக்கா, விடியத்தான் வருவேன்’
என்று போன் போட்டேன்.
பாதிப் பொய். டவர் நின்றுதான் கிடந்தது.

மேலப்பாளையத்தில் ஆட்டோ நின்றதும்
பரோட்டாக் கடைப் பையன் எங்களைப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் கையை மேலே காட்டினான்:
‘பேமிலி மாடில.’

மாடியில் ஒரு பச்சைத் திரை,
சுவரோரம் அடுக்கிய எண்ணெய் டின்கள்,
ஓடாத ஃபேனுக்குக் கீழே
குடும்பம் ஒன்றும் இல்லாத குடும்ப அறை.
இங்கிருந்து என்ன தெரியும் என்றாள்.
ஒன்றும் தெரியாது,
அதற்குத்தான் கட்டியிருக்கிறார்கள்.

இறங்கி வந்து
கல்லுக்கு நேர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தோம்.
ஒரு லாரிக்காரர் இலையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்.
யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
கொத்துக் கரண்டிகூடக் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு மைதீன் பிச்சை மாஸ்டர்
மாவை எடுத்து வீச ஆரம்பித்தார்.
‘பிரம்மா, பார், இறக்கை!’ என்று கத்தினாள் கிர்ஸ்தன்.
(முழுப்பெயர் பிரம்மசக்தி.
அவள் வாயில் சக்தி நிற்பதில்லை.)
மாஸ்டர் இங்கிலீஷ் புரியாமலே இன்னும் அகலமாக வீசினார்.

சால்னாவைக் கேட்டு ஊற்றுகிற வழக்கமில்லை,
போதும் என்று கையை நாம்தான் குறுக்கே வைக்கவேண்டும்.
அவளுக்கு அது தெரியாது.
கண்ணில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டு
விரலால் காட்டினாள், இன்னும் இரண்டு.

ஜங்ஷனில் சூடாக நூறு அல்வா.
மெல்லாதே, நாக்கில் வை, அதுவாகப் போகும் என்றேன்.
நெய் மணிக்கட்டைத் தாண்டி வாட்சுக்குள் இறங்கிற்று.
‘நாரோயில் நாரோயில்’ என்று கூவிக்கொண்டிருந்தவன்
எங்களைப் பார்த்ததும் ஒரு தடவை மெதுவாகக் கூவினான்.

பன்னிரண்டு இருக்கும்,
சுலோச்சன முதலியார் பாலத்தில் போலீஸ் பைக்.
‘எங்கம்மா போறீய இந்நேரத்துல?’
‘சாப்ட வந்தோம் சார்.’
‘அது சரி, எங்க போறீய?’
‘சாப்ட்டாச்சு சார்.’
அதற்கடுத்த கேள்வி அவரிடம் இல்லை.
கொஞ்சநேரம் அவரும் ஆற்றைப் பார்த்தார்,
வண்டியை உதைத்துக் கிளப்பிப் போனார்.

நீ அடிக்கடி இங்கே வருவாயா?

பிறந்தது களக்காடு, ஆறு வருஷமாய் இந்த ஊர்தான் என்றேன்.
கேட்டது அதில்லை.
கீழே தாமிரபரணி
பாறையில் எதையோ உரசிக்கொண்டே போனது.
பகலில் பஸ் ஜன்னல் வழியே
எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்,
சத்தம் உண்டு என்று தெரியாது.

திங்கட்கிழமை கம்பெனிச் செலவுச் சீட்டு.
வெளியூர் விருந்தினர் எத்தனை பேர்
என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதினேன்.
கணக்கர் வேலாண்டி சார் சிவப்பில் சுழித்தார்:
‘ஒருத்திதானம்மா வந்தா?
பில்லு எங்க?’

பரோட்டாக் கடையில் பில் தருவதில்லை.
அல்வா மடித்த தாள் இருந்தது,
எழுத்தெல்லாம் நெய்யில் ஊறி மறுபக்கம் தெரிய.
அதைக் குத்தி வைத்தேன்.