ஜ இல்லாத பலகை

உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு.
பன்னேர்கட்டா சாலையில் ஒரு வாடகை மாடியில்
எட்டு மாதம் இவற்றைத்தான்
கண்ணுக்கு எட்டும்படி அடுக்கிக்கொண்டிருந்தேன்.
தொண்டையில் குழாய் இருப்பவர்
முதலில் மெய்யைப் பார்ப்பார், பிறகு உயிரை.
திரை இரண்டையும் சேர்த்து எழுத்தாக்கும்.
முதலீட்டாளர் கூட்டங்களில்
‘மெய்யும் உயிரும் சேர்ந்தால்தான் பேச்சு’ என்று நிறுத்தி
ஒரு மிடறு தண்ணீர் குடிப்பேன்.
கைதட்டுவார்கள்.

கிரந்த எழுத்துகளை விட்டுவிட்டேன்.
கட்டங்கள் சிறுத்தால்
மருந்து மயக்கத்தில் பார்வை வழுக்கும்.

பதினோராம் படுக்கை, தணிகாசலம்.
ஸ்ரீராமபுரத்தில் ஆஃப்செட் அச்சகம்.
அவர் பேட்டையை என் பலகையில் எழுத முடியாது.
இரவு நர்ஸ் ஷைனியின் பெயரையும்தான்.
எனக்கு அது உறைக்கவில்லை.
ஏசி குளிருக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு
அவர் முகத்துக்கு நேரே பலகையைப் பிடித்திருந்தேன்.

ஆறாம் நாள் இரவு, இரண்டே முக்கால்.
கண் ‘ச்’ மேல் நின்றது. பிறகு ‘ஓ’ மேல்.
திரை முந்திக்கொண்டது:
சோறு? சோர்வு? சோடா?
“பசிக்குதா சார்?” என்றாள் ஷைனி.
கண்ணை மூடிக்கொண்டார்.
மறுபடி ச். மறுபடி ஓ.
மறுபடி சோறு.
நாடித்துடிப்பு நூற்றிருபதைத் தாண்டியது.
கட்டில் கம்பியைப் பிடித்த கை
பிடித்தபடியே இருந்தது.

நான் எழுத்தைப் பெரிதாக்கினேன்.
திரையின் வேகத்தைக் குறைத்தேன்.
வேறென்ன தெரியும் எனக்கு.

ஷைனிதான் ஒரு நிமிடம்
ஒன்றும் செய்யாமல் நின்று கேட்டாள்.
பக்கத்துக் கட்டிலின் பம்ப் தடதடத்தது.
காற்று மெத்தை ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கி
ஆளை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது.
கம்பி. நீலத் திரைச்சீலை. அணையாத விளக்கு.
வருடத்துக்கு இரண்டு தடவை
பாலக்காட்டுக்கு ரயிலில் போகிறவள் அவள்.
குனிந்தாள்:
“ஜோலார்பேட்டையா?”

ஒரு சிமிட்டல். ஆம்.

“ரயில் இல்ல சார், ஆஸ்பத்திரி. பெங்களூர்தான்.
புதன்கிழமை. ராத்திரி மூணு மணி ஆகப்போகுது.
நீங்க எங்கயும் இறங்க வேண்டாம்.”

கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்ணூற்றெட்டு.
கை கம்பியை விட்டது.

விடிவதற்குள் ஜ சேர்த்தேன். ஸ, ஷ, ஹ சேர்த்தேன்.
முந்திக்கொண்டு ஊகிக்கிற நிரலை அணைத்தேன்.
திரையின் உச்சியில் ஒரு வரி: ஊர், கிழமை, மணி.
அதுதான் இந்த வருடம்
நான் செய்த நல்ல வேலை என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து வார்டில் போய்ப் பார்த்தேன்.
சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். குரலில் பாதி காற்று.
என்னைத் தெரியவில்லை. பலகை நினைவில் இல்லை.
ரயில் நினைவிருந்தது.

“தெனம் ராத்திரி ஒரு டிக்கெட் செக்கர் அம்மா.
கறுப்புக் கோட்டு. மூஞ்சிக்கு நேரா
ஒரு அட்டைய நீட்டிக்கிட்டே நிக்கும்.
எங்கிட்ட டிக்கெட் இல்ல. சொல்ல வாய் வரல.
நடுவழியில எறக்கி விட்ருமோன்னு
கம்பிய கெட்டியா புடிச்சிக்குவேன்.”

ஒரு சுளையை என்னிடம் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.
அந்த அம்மா யாரென்று சொல்லவில்லை.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது
குறிப்பேட்டில் எழுதினேன்:
பலகையைக் காட்டுமுன் உன் பெயரைச் சொல்.
நிற்காதே, பக்கத்தில் உட்கார்.
கோட்டு வேண்டாம்.